வளைகோலும் வளையாப் பற்றும்

நுழையும்முன்

வென்றவரைப் போற்றுவதற்கு உலகமே திரண்டு வரும். தோற்று நிற்கும் அணியை ‘இது என் அணி’ என்று சொல்ல ஒரு சிலரே இருப்பர். நாட்டின்மீது நாம் கொண்ட பற்று, பதக்கம் கிடைக்கும் நாளில் மட்டும் தோன்றி மறைவதா? ஒடிசா மாநிலத்தின் சுந்தர்கர் மாவட்டத்தில் வளைகோல் பந்தாட்டம் ஆடி வளர்ந்த ஒருவர், தம் இளமைக்கால நினைவுகளின் வழியாக இவ்வினாவுக்கு விடை தேடுகிறார். அந்நினைவுகளைப் படிப்போம், நம் மனத்தையும் கேட்டுப் பார்ப்போம்.

செம்மண் தெரு

இந்திய அணி வளைகோல் பந்தாட்டத்தில் உலகக் கோப்பையை வென்ற 1975ஆம் ஆண்டில் பிறந்தவன் நான். என் தந்தையார் வேலையின் பொருட்டுத் தமிழ்நாட்டிலிருந்து ரூர்கேலாவில் குடியேறினார். கோயல், சங்கு என்னும் இரண்டு ஆறுகள் கூடிப் பிராமணி ஆறாகப் பெயர் பெறும் இடத்தை அடுத்துள்ளது அந்நகரம். ஒருபுறம் உருக்காலையின் புகைபோக்கிகள்; மறுபுறம் சால் மரக் காடுகளும் சிற்றூர்களும். ஆலைச் சங்கு ஊதும் மாலை வேளையில் எங்கள் குடியிருப்புத் தெருவில் ஆட்டம் தொடங்கும்.

எங்களுக்குப் புல்வெளி இல்லை. வலை கட்டிய கம்பங்களும் இல்லை. இருபுறமும் இரண்டிரண்டு செங்கற்களை வைத்தால் அவையே இலக்குகள். செம்மண் தரையில் பந்து எப்பக்கம் துள்ளும் என்பதை எவராலும் கணிக்க இயலாது. பந்து செங்கல்லுக்கு உள்ளே சென்றதா, வெளியே சென்றதா என்ற வழக்கு, ஆட்டத்தைவிட நீண்ட நேரம் நடக்கும். தெருவிளக்கு எரிந்தபின்னும் வழக்கு முடியாமல், அன்னையர் வந்து எங்களைப் பிரித்து அழைத்துச் சென்ற நாள்கள் பல.

அத்தெருவில் எனக்குக் கிடைத்த நண்பன், ஐந்து கிலோமீட்டர் தொலைவிலிருந்த சிற்றூரிலிருந்து பள்ளிக்கு நடந்து வருபவன். வீட்டில் அவன் பேசியது சாத்ரி மொழி. நான் பேசியது தமிழ். இருவரும் அரைகுறை இந்தியில் பேசிக்கொண்டோம். ஆனால், பந்தைத் தட்டிக் கொடுக்கும்போது எங்களுக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. கடையில் விற்கும் கோலை வாங்க எங்கள் இருவரிடமும் பணம் இல்லை. அவன் பச்சை மூங்கிலை அனலில் வாட்டி, முனையை வளைத்து, கயிற்றால் கட்டி நிழலில் காயவைத்து எனக்கு ஒரு கோல் செய்து கொடுத்தான். மூங்கில் வேர்க்கட்டையைச் செதுக்கிப் பந்தும் ஆக்கினான். கோலின் ஒரு பக்கத்தைக் கத்தியால் சீவித் தட்டையாக்கி, “இந்தப் பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொட வேண்டும், மறுபக்கம் பட்டால் பிழை” என்று விதியையும் கற்பித்தான். பன்னாட்டு அரங்கில் ஆடுவோருக்கும் அதுவே விதி என்பதைப் பின்னாளில் அறிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

தந்தையாரின் வானொலி

எங்கள் வீட்டு மேசையில் ஒரு பழைய வானொலிப் பெட்டி இருந்தது. அதன் அருகில் அமர்ந்து தந்தையார் சொன்ன செய்திகளே எனக்கு முதல் வரலாற்றுப் பாடம்.

1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் இந்தியா ஒலிம்பிக் தங்கத்தை முதன்முதலாக வென்றது. அவ்வணிக்குத் தலைவராகச் சென்றவர் ஜெய்பால் சிங் முண்டா. ராஞ்சிப் பகுதியின் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த அவர், பின்னர் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராகவும் விளங்கினார். அதே அணியில் ஆடிய தியான் சந்த், 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸிலும் 1936இல் பெர்லினிலும் மேலும் இரு தங்கங்களை வென்று தந்தார். பெர்லின் இறுதி ஆட்டத்தில் இந்தியா ஜெர்மனியை 8–1 என்ற கணக்கில் வென்றது.

“அவ்வெற்றிகளின்போது நமக்கென ஒரு கொடி ஏறவில்லை தம்பி. அது 1948இல்தான் நடந்தது” என்பார் தந்தையார். 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், விடுதலையின் முதலாம் ஆண்டு நிறைவுக்கு மூன்று நாள்களே இருந்த வேளையில், லண்டன் வெம்பிளி அரங்கில் இந்தியா பிரிட்டனை 4–0 என வென்றது. நம்மை ஆண்டவர்களின் தலைநகரிலேயே மூவண்ணக்கொடி ஏறியது. இதைச் சொல்லும்போதெல்லாம் தந்தையார் தம்மை அறியாமல் எழுந்து நிற்பார்.

1975ஆம் ஆண்டு கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2–1 என வென்று உலகக் கோப்பையைப் பெற்ற அணியில், தியான் சந்தின் மகன் அசோக் குமார் ஆடினார். வெற்றிக்குரிய இலக்கை அடித்தவர் அவரே. தமிழ்நாட்டின் பிலிப்ஸும் அவ்வணியில் இருந்தார். சிம்டேகாப் பகுதியில் பிறந்த மைக்கேல் கிண்டோவும் இருந்தார். “கிண்டோ நம் ஊரில் வாழ்பவர், பிலிப்ஸ் நம் மொழி பேசுபவர். இருவரும் ஒரே சட்டையை அணிந்தார்கள், பார்த்தாயா?” என்று தந்தையார் கேட்பார். 1980ஆம் ஆண்டு மாஸ்கோவில் ஸ்பெயினை 4–3 என வென்று தங்கம் பெற்ற அணிக்குத் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைவர். அன்று வீட்டில் பாயசம் செய்தார்கள் என்பது மட்டுமே என் நினைவில் உள்ளது. அப்போது எனக்கு ஐந்து வயது. அந்தப் பாயசத்தின் இனிப்பு, அடுத்த நாற்பத்தோர் ஆண்டுகளுக்கு ஒலிம்பிக் பதக்கம் எதுவும் கிடைக்காமல் போகும் என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

முறிந்த கோல்

1986ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். லண்டனில் நடந்த உலகக் கோப்பையில் பன்னிரண்டு அணிகள் ஆடின. இந்தியா பெற்ற இடம் பன்னிரண்டு. பதினோராம் இடம் பாகிஸ்தானுக்கு.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் இந்தியா கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றிருந்தது. எங்கள் தெருச் சிறுவர்களில் பாதிப்பேர் அப்போதே மட்டைக்கு மாறிவிட்டார்கள். அன்று பள்ளியிலிருந்து திரும்பிய என்னைப் பார்த்து, “இதோ வருகிறான் கடைசி அணிக்காரன்!” என்று அவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்குள் ஓடி, மூலையில் இருந்த மூங்கில் கோலை எடுத்துவந்தேன். எல்லாரும் காணும்படி அதை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்து, சாக்கடையோரம் எறிந்தேன். அவர்கள் ஆரவாரம் செய்தார்கள். அந்த ஆரவாரம் எனக்கு இனிமையாக இருந்தது என்பதை இன்றும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சிறிது நேரத்தில் நண்பன் வந்தான். கிடந்த துண்டுகளைக் குனிந்து எடுத்தான்.

“என்ன ஆயிற்று?” என்று கேட்டான்.

“சைக்கிள் ஏறிவிட்டது” என்றேன்.

அவன் அத்துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. துண்டுகளைக் கையோடு எடுத்துக்கொண்டு தன் ஊரை நோக்கி நடந்தான். அடுத்த நான்கு நாள்கள் அவன் தெருவுக்கு ஆட வரவில்லை. பள்ளியிலும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கிடாய்க்காக ஓர் ஆட்டம்

அவ்வட்டாரச் சிற்றூர்களில் அறுவடைக் காலத்தையொட்டி ஊர்களுக்கிடையே வளைகோல் போட்டிகள் நடைபெறும். வென்ற ஊருக்குப் பரிசாக வெள்ளாட்டுக் கிடாய் ஒன்றைத் தருவர். அக்கிடாயின் பெயராலேயே அதனைக் ‘கஸ்ஸி’ ஆட்டம் என்று அழைப்பர். பரிசாகப் பெற்ற கிடாயைச் சமைத்து ஊரே கூடி உண்பது வழக்கம். இந்திய அணிக்காக ஆடிய பலர், கிடாய்க்காகக் கோல் பிடித்த இத்திடல்களிலிருந்து சென்றவர்களே.

நண்பனின் ஊரில் அத்தகைய போட்டி நடப்பதை அறிந்து, ஞாயிற்றுக்கிழமை தந்தையாரின் மிதிவண்டியில் பின்னால் அமர்ந்து சென்றேன். திடலின் ஓரத்தில் நண்பன் தனியே அமர்ந்திருந்தான். அருகில் சென்று, “சைக்கிள் ஏறவில்லை. நான்தான் ஒடித்தேன்” என்றேன்.

“தெரியும்” என்றான் அவன். “சக்கரம் ஏறினால் மூங்கில் நசுங்கிப் பிளக்கும். அது நசுங்கவே இல்லை.” சற்று நேரம் கழித்து, “கோல் உனக்கு என்ன தீங்கு செய்தது?” என்று கேட்டான். என்னிடம் விடை இல்லை.

அன்றைய இறுதி ஆட்டத்தில் அவனுடைய ஊர் தோற்றது. வென்ற ஊரார் கிடாயின் கழுத்தில் மாலை அணிவித்து, மத்தளம் முழக்கி அழைத்துச் சென்றனர். தோற்ற ஊரார் ஊர் எல்லைவரை உடன் நடந்துசென்று அவர்களை வழியனுப்பினர். எனக்கு வியப்பாக இருந்தது.

“கிடாய் போய்விட்டதே, உனக்கு வருத்தம் இல்லையா?” என்று நண்பனைக் கேட்டேன்.

“வருத்தம்தான். அதற்காக வேறு ஊர்க்காரன் ஆகிவிட முடியுமா?” என்றான் அவன்.

மறுநாள் அவன் தெருவுக்கு வந்தபோது கையில் புதிய கோல் ஒன்று இருந்தது. பழைய கோலின் வளைந்த முனையை வேறொரு மூங்கிலோடு சேர்த்துக் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தான். அக்கோல் நேராக அடிக்காது; ஆயினும் நான்காண்டுகள் அதனைக்கொண்டே ஆடினேன். பின்னர்த் தந்தையாருக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று. சில கடிதங்களுக்குப் பின் நண்பனின் தொடர்பும் அற்றுப்போயிற்று.

தோல்வியின் காரணம்

வளர்ந்தபின் காரணங்களைத் தேடிப் படித்தேன். 1976ஆம் ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் புல்தரைக்கு மாற்றாகச் செயற்கைத் தரை முதன்முதலாக இடப்பட்டது. முந்தைய ஆண்டு உலகக் கோப்பையை வென்ற இந்தியா அங்கு ஏழாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. புல்தரையில் பந்தைக் கோலோடு ஒட்டிவைத்து வளைத்து வளைத்துச் செல்வது நம் கலை. செயற்கைத் தரையிலோ பந்து விரைந்து ஓடும். ஓட்டமும் உடல்வலிமையும் நெடுந்தொலைவு அடிக்கும் ஆற்றலும் முதன்மை பெற்றன. பெரும் செலவு பிடிக்கும் அத்தகைய தரைகள் நம் நாட்டில் மிகச் சிலவே இருந்தன. சிறுவர்கள் மண்ணில் பழகி, செயற்கைத் தரையில் போட்டியிட நேர்ந்தது.

தோல்விகள் தொடர்ந்தன. 2000ஆம் ஆண்டு சிட்னியில், போலந்துக்கு எதிராக முன்னிலை பெற்றும், இறுதி நிமிடங்களில் ஓர் இலக்கை இழந்து அரையிறுதி வாய்ப்பு நழுவியது. அவ்வணியில் ஆடிய திலீப் திர்க்கி, சுந்தர்கர் மாவட்டத்தின் சௌனாமரா என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் நாட்டுக்காக ஆடியவர். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆடவே இந்தியா தகுதி பெறவில்லை. 2012இல் லண்டனில் மீண்டும் பன்னிரண்டாம் இடம். அக்காலம் முழுவதும் சுந்தர்கர்ச் சிற்றூர்களில் கிடாய் ஆட்டம் ஓராண்டும் நின்றதாக நான் கேள்விப்படவில்லை.

டோக்கியோவில் இரண்டு நாள்கள்

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் காலை, டோக்கியோவில் வெண்கலத்துக்கான ஆட்டம். ஜெர்மனியிடம் 1–3 எனப் பின்தங்கிய இந்தியா, 5–4 என முன்னேறியது. ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தபோது ஜெர்மனிக்கு ஒரு தண்டமூலை அடி கிடைத்தது. இலக்குக் காவலர் ஸ்ரீஜேஷ் அதனைத் தடுத்தார். நாற்பத்தோர் ஆண்டுகளின் காத்திருப்பு முடிவுற்றது. வென்ற அணியில் சுந்தர்கர் மாவட்டத்தின் பீரேந்திர லாக்ராவும் அமித் ரோகிதாஸும் இருந்தனர். வானொலி அருகே எழுந்து நின்ற தந்தையாரைப் போல நானும் எழுந்து நின்றேன்.

மறுநாள் மகளிர் அணிக்கு வெண்கல ஆட்டம். ஒலிம்பிக் அரையிறுதியை அவர்கள் எட்டியது அதுவே முதன்முறை. பிரிட்டனிடம் 0–2 எனப் பின்தங்கி, 3–2 என முந்தி, முடிவில் 3–4 எனத் தோற்றனர். சுந்தர்கர் மாவட்டத்தில் பிறந்த தீப் கிரேஸ் எக்கா உட்பட அனைவரும் கண்ணீருடன் நின்றனர். முதல்நாள் பெருமிதத்துக்குச் சற்றும் குறையாத பெருமிதத்தை அன்றும் உணர்ந்தேன். 1986இல் அதனை உணரும் பக்குவம் எனக்கு இல்லை. என் நண்பனுக்கு இருந்தது.

மீண்டும் செம்மண்

2023ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டிகள் சில ரூர்கேலாவில் நடைபெற்றன. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய பிர்சா முண்டா அரங்கம் அதற்கென எழுப்பப்பட்டிருந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு சென்றேன். சனவரி 13ஆம் நாள் ஸ்பெயினுக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியாவின் முதல் இலக்கை அடித்தவர் அமித் ரோகிதாஸ். திலீப் திர்க்கியின் சௌனாமராவே அவருக்கும் சொந்த ஊர். அரங்கமே அதிர்ந்தது. அக்கூட்டத்தில் என் நண்பனின் முகத்தைத் தேடினேன். காணவில்லை; முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட பின் கண்டிருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்குமோ, அறியேன்.

இந்தியா அவ்வாட்டத்தை 2–0 என வென்றது. ஆயினும் சனவரி 22ஆம் நாள் புவனேசுவரத்தில் நியூசிலாந்திடம் தோற்றுக் காலிறுதிக்கு முன்பே வெளியேறியது.

மறுநாள் நேதாஜி பிறந்தநாள் விடுமுறை. ஊர் திரும்பும் முன் நண்பனின் சிற்றூர்ச் சாலையில் நடந்தேன். செம்மண் திடலில் பத்துப் பன்னிரண்டு சிறுவர் சிறுமியர் ஆடிக்கொண்டிருந்தனர். சிலர் கையில் கடைக்கோல். சிலர் கையில் மூங்கில். பந்து கல்லுக்கு உள்ளே சென்றதா, வெளியே சென்றதா என்ற வழக்கு நடந்துகொண்டிருந்தது.

“நேற்று நம் அணி தோற்றுவிட்டதே?” என்று ஒரு சிறுமியிடம் கேட்டேன்.

“ஆமாம் ஐயா. சற்று விலகி நில்லுங்கள், பந்து வருகிறது” என்றாள் அவள்.

நான் விலகி நின்றேன்.

தெரிந்துகொள்வோம்

• வளைகோல் பந்தாட்டம் இந்தியாவின் ‘தேசிய விளையாட்டு’ என்று பலர் எழுதுவர். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவித்து அரசாணை வெளியிடப்படவில்லை. மக்களின் அன்பே இவ்விளையாட்டுக்கு அப்பெயரைத் தந்தது.
• தியான் சந்த் பிறந்த ஆகஸ்டு 29ஆம் நாள் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது.
• ஒலிம்பிக்கில் இந்தியா இவ்விளையாட்டில் எட்டுத் தங்கம் வென்றுள்ளது: 1928, 1932, 1936, 1948, 1952, 1956, 1964, 1980.
• ஆடுகளத்தின் நீளம் 91.40 மீட்டர், அகலம் 55 மீட்டர். ஓர் அணிக்குக் களத்தில் 11 பேர்.

சொல்லும் பொருளும்

வளைகோல் பந்தாட்டம் – ஹாக்கி
இலக்கு – கோல் எல்லை. அதனுள் பந்தைச் செலுத்திப் பெறும் புள்ளி
தண்டமூலை அடி – பெனால்டி கார்னர்
கிடாய் – ஆண் ஆடு
அனல் – நெருப்பின் வெப்பம்
பக்குவம் – மன முதிர்ச்சி
பெருமிதம் – உயர்வு எண்ணி மகிழும் உணர்வு

இலக்கணக் குறிப்பு

வளைகோல் – வினைத்தொகை
செம்மண் – பண்புத்தொகை
வளையாப் பற்று – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
திருப்பித் திருப்பி – அடுக்குத்தொடர்

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. 1928ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியின் தலைவர்
(க) தியான் சந்த் (ங) ஜெய்பால் சிங் முண்டா (ச) அசோக் குமார் (ஞ) மைக்கேல் கிண்டோ
2. ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை முதன்முதலாக இடப்பட்ட நகரம்
(க) மாஸ்கோ (ங) லண்டன் (ச) மான்ட்ரியால் (ஞ) சிட்னி
3. ‘செம்மண்’ என்பதைப் பிரித்து எழுதக் கிடைப்பது
(க) செம் + மண் (ங) செம்மை + மண் (ச) செ + மண் (ஞ) சிவப்பு + மண்

ஆ. பொருத்துக.
1. வெம்பிளி – 1980
2. மாஸ்கோ – 1975
3. கோலாலம்பூர் – 2021
4. டோக்கியோ – 1948

இ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. நண்பன் மூங்கில் கோலை எவ்வாறு செய்தான்?
2. ‘கஸ்ஸி’ ஆட்டம் என்பது யாது?
3. சைக்கிள் ஏறிக் கோல் முறியவில்லை என்பதை நண்பன் எவ்வாறு அறிந்தான்?

ஈ. ஐந்தாறு தொடர்களில் விடையளிக்க.
1. 1948ஆம் ஆண்டு வெற்றியை எழுத்தாளரின் தந்தையார் ஏன் தனிச்சிறப்பாகக் கருதினார்?
2. தரை மாற்றம் இந்திய ஆட்டத்தை எவ்வாறு பாதித்தது?
3. கோலை ஒடித்தபோது எழுந்த ஆரவாரம் இனிமையாக இருந்ததை எழுத்தாளர் ஏன் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறார்?

உ. விரிவாக விடையளிக்க.
“அதற்காக வேறு ஊர்க்காரன் ஆகிவிட முடியுமா?” – நண்பனின் இக்கூற்றை நாட்டுப்பற்றோடு பொருத்தி, பாடத்திலுள்ள நிகழ்ச்சிகள் மூன்றனைச் சான்று காட்டி விளக்குக.

ஊ. செய்து பார்ப்போம்.
உங்கள் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் அவர்கள் இளமையில் தெருவில் ஆடிய ஒரு விளையாட்டைப் பற்றிக் கேட்டறிக. ஆடுகருவியை எதனால் செய்தார்கள், விதிகள் யாவை, வழக்கு எழுந்தால் எவ்வாறு தீர்த்துக்கொண்டார்கள் என்பவற்றைத் தொகுத்து ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.